எடையும் இடமும்

வீடு கட்டிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மாடித் தளத்துக்கு எத்தனை டன் கம்பி இறங்கியது, எந்தக் கம்பெனி, கிலோ என்ன விலை, சிமெண்ட் எத்தனை மூட்டை, ஜல்லி எத்தனை யூனிட் என்று மூச்சுவிடாமல் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் போட்டதைவிட அரை டன் கூடுதலாகப் போட்டிருக்கிறேன் என்னும்போது குரல் சற்று நிமிரும். அந்தக் கம்பி தளத்துக்குள் எந்த உயரத்தில் கிடக்கிறது என்று கேட்டால் மட்டும் விழிப்பார். கேள்வியே அவருக்கு விநோதமாகப் படும். உள்ளேதானே இருக்கிறது, எங்கே போய்விடும் என்பார்.

எங்கேயும் போகாது. ஒரு அங்குலம் கீழே போயிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நம்மூர் வீட்டுத் தளத்தின் கனமே பெரும்பாலும் ஐந்து அங்குலம். எதையும் எண்ணிப் பார்த்து, எடை போட்டு, அதிலேயே நிம்மதி அடைந்துவிடுகிற நம் பழக்கத்தை அந்த ஐந்து அங்குலம் கேலி செய்துகொண்டிருக்கிறது.

*

தளம் முதலில் சுமப்பது தன்னைத்தான். கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் கன மீட்டருக்கு 2,500 கிலோ என்பது பொறியாளர்களின் கணக்கு. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறையின் மேல் ஐந்து அங்குலத் தளம் போட்டால் அதன் எடை மட்டுமே ஐந்து டன்னைத் தாண்டும். ஆட்களும் கட்டிலும் பீரோவுமாக அதன் மேல் ஏறக்கூடிய பாரம் என்று வீடுகளுக்கு வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. அந்த அறைக்கு அது மூன்றரை டன்கூட வராது. நாம் குடியேறுவதற்கு முன்பே, முட்டுகளைப் பிரித்த அன்றே, தளம் தன் வாழ்நாள் வேலையில் பாதிக்கு மேல் செய்யத் தொடங்கிவிடுகிறது.

இரண்டு சுவர்களின் மேல் கிடக்கும் தளம் நடுவில் தொய்கிறது. கண்ணுக்குத் தெரியாத தொய்வு. பள்ளிப் பிள்ளையின் ரப்பரை இரு முனைகளிலும் தாங்கிப் பிடித்து நடுவில் அழுத்தினால் மேல்முகம் நெருங்கிச் சுருங்குவதையும் அடிமுகம் இழுபட்டு விரிவதையும் பார்க்கலாம். தளத்திலும் நடப்பது அதுதான். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எவ்வளவு நசுக்கினால் உடையுமோ அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இழுத்தாலே பிளந்துவிடும். ஆகவே தொய்கிற இடத்தில் கம்பி அடிமுகத்தை ஒட்டிக் கிடக்க வேண்டும்.

அதே தளம் நடுச்சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் நீண்டால் விஷயம் தலைகீழாகிறது. அந்தச் சுவரின் மேல் தளம் முதுகு வளைக்கிறது. இழுவை மேல்முகத்துக்கு ஏறிவிடுகிறது. அங்கே அடிக்கம்பி எவ்வளவு இருந்தும் பயனில்லை, மேல்கம்பி வேண்டும். பால்கனியும் சன்ஷேடும் ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு உள்ளவை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றின் இழுவை முழுக்க மேல்முகத்தில்தான். "தாங்குறது அடியிலேர்ந்துதானே தாங்கணும், மேல கம்பியைப் போட்டு என்னண்ணே பிரயோசனம்?" என்று வீட்டுக்காரர் கம்பி கட்டுபவரிடம் கேட்பது நியாயமான கேள்விதான். தூணும் சுவரும் முட்டும் அடியிலிருந்தே தாங்குவதைப் பார்த்துப் பழகிய கண் அது. சன்ஷேடுக்குள் இருக்கும் கம்பி தாங்குவதில்லை. சுவருக்குள் வேர் விட்டுக்கொண்டு மேலிருந்து இழுத்துப் பிடித்திருக்கிறது.

ஒரே கலவை, ஒரே நாளில் போட்ட ஒரே தளம். ஆனாலும் ஓரிடத்தில் அதன் உயிர் அடியில் இருக்கிறது. நான்கடி தள்ளிப் போனால் மேலே இருக்கிறது. நாளை இந்தத் தளம் எப்படி வளையப்போகிறது என்று இன்றே கம்பியால் எழுதிவைப்பதுதான் கம்பி கட்டும் வேலை.

இப்போது அந்த ஒரு அங்குலத்துக்கு வருவோம். தளத்தின் வலு கம்பியின் இழுவிசையைப் பொறுத்தது. அதே அளவுக்கு, நசுங்கும் முகத்திலிருந்து கம்பி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 125 மி.மீ. தளத்தில் நடுச்சுவரின் மேல் இருக்கும் 8 மி.மீ. கம்பி, அதை மூடியிருக்கும் 20 மி.மீ. கான்கிரீட்டான மூடாக்கு போக, அடிமுகத்திலிருந்து ஏறத்தாழ 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அது 25 மி.மீ. அமுங்கிப் போனால் அந்த இடத்தின் வலுவில் கால் பங்குக்கும் சற்று அதிகமாகவே போய்விடும். மூன்று அங்குல சன்ஷேடில் அதே ஓர் அங்குலம் ஏறக்குறையப் பாதி வலுவைத் தின்றுவிடும். கம்பியில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. கடைக்காரரின் பில்லும் அதே பில்தான்.

*

இந்த அறிவு எளிதாக வந்ததில்லை. கம்பிக் கான்கிரீட்டின் முதல் அரை நூற்றாண்டை, கம்பிக்கு இடம் தேடிய காலம் என்றே சொல்லலாம்.

1854இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் வில்லியம் வில்கின்சன் என்ற சாந்துப் பூச்சுத் தொழிலாளி ஒரு காப்புரிமை வாங்கினார். சுரங்கங்களில் தேய்ந்து கழித்துவிடப்பட்ட இரும்பு வடங்களைக் கான்கிரீட் தளத்துக்குள் வைப்பது அவர் யோசனை. நடுவில் வடம் தொய்ந்து அடிக்கு வர வேண்டும், தாங்கலின் மேல் எழுந்து மேல்முகத்துக்குப் போக வேண்டும் என்று அவர் வைத்தார். இன்றைய எந்தப் பொறியாளரும் திருத்த வேண்டியிராத வடிவம் அது. கணக்கு எதுவும் கையில் இல்லாத காலத்தில் அவர் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். பெயரும் புகழும் அவருக்கு வரவில்லை.

புகழ் போய்ச் சேர்ந்தது பிரான்சின் தோட்டக்காரர் ஜோசப் மோனியேயிடம். செடித் தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால் சிமெண்டுக்குள் இரும்பு வலை வைத்துத் தொட்டி செய்து 1867இல் காப்புரிமை பெற்றவர். தொட்டிச் சுவரில் வலையை நடுவில் வைத்தாலும் பெரிய குறையில்லை. மண்ணும் வேரும் சுற்றிலும் ஒரே மாதிரி அதை வெளியே தள்ளுகின்றன. பின்னால் குழாய், பலகை, பாலம், தளம் என்று உரிமைகள் வளர்ந்தபோதும் தொட்டியின் பழக்கம் கூடவே வந்தது. ஜெர்மனியில் தன் முறைப்படி நடந்த ஒரு வேலையைப் பார்க்க மோனியே போனாராம். அங்கே வலை அடிமுகத்தை ஒட்டிக் கிடந்ததைக் கண்டு, இதைக் கண்டுபிடித்தது நீங்களா நானா என்று சண்டைக்குப் போனார் என்று பொறியாளர்கள் ஒரு கதை சொல்லிச் சிரிப்பார்கள். தான் பெற்ற பிள்ளையின் குணம் தகப்பனுக்கே பிடிபடவில்லை என்பது கதையின் சாரம்.

அந்தக் குணத்தைக் கண்டு சொன்னவர்கள் வேறு ஆட்கள். அமெரிக்கரான தாடியஸ் ஹையட் லண்டனில் கிர்கால்டியின் சோதனைக் கூடத்தில் உத்திரங்களை உடைத்துப் பார்த்து, 1877இல் முடிவுகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். இழுவையை இரும்புக்கும் நசுக்கலைக் கான்கிரீட்டுக்கும் பங்கு போட்டுக்கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. வெயிலில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரிகின்றன என்பதையும் அவர் கவனித்தார். இது தற்செயலாக அமைந்த பேறு. இந்த இரண்டும் வேறு வேறு அளவில் விரிபவையாக இருந்திருந்தால் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றையொன்று உதறிக்கொண்டிருக்கும். கம்பிக் கான்கிரீட் என்ற ஒரு பொருளே இருந்திருக்காது.

மோனியேயின் உரிமைகளை ஜெர்மனியில் வாங்கிய வாய்ஸ் என்பவருக்காக, அரசுப் பொறியாளர் மத்தியாஸ் கோனன் 1886இல் தளத்துக்கான முதல் கணக்கு முறையை வெளியிட்டார். நசுங்கும் பகுதிக்கும் இழுபடும் பகுதிக்கும் நடுவிலான எல்லையைத் தளத்தின் சரிபாதியில் வைத்தது அதில் இருந்த பிழை. ஆனால் கம்பி இழுவைப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் பிழை இல்லை. எவ்வளவு என்பதில் தவறினாலும் எங்கே என்பதில் தவறாத கணக்கு; அதை வைத்துக் கட்டியவை நின்றன.

1892இல் பிரான்சுவா ஹென்னபிக் உத்திரத்தையும் தளத்தையும் ஒன்றாக வார்க்கும் முறைக்கு உரிமை வாங்கினார். நடுவில் அடியில் ஓடும் கம்பியைத் தாங்கலுக்கு அருகில் சாய்வாக வளைத்து மேலே ஏற்றிவிடுவது அவர் முறையில் ஒரு கூறு. நம்மூர்க் கம்பி வேலையில் 'கிராங்க்' என்று சொல்கிறோமே, அதுதான். ஒன்று விட்டு ஒரு கம்பியைச் சுவருக்குச் சற்று முன்னால் வளைத்து மேலே ஏற்றுகிற மேஸ்திரிக்கு ஹென்னபிக்கைத் தெரியாது. ஆனால் வளைவு எங்கே திசை மாறுகிறது என்பதை அவர் கை அறிந்திருக்கிறது.

*

இடம் என்பதில் மேல் கீழ் மட்டும் அடங்கவில்லை. கம்பிகள் இரண்டு திசைகளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கின்றன. எந்தத் திசைக் கம்பி அடியில்?

அறையின் நீளவாக்கில் ஓடும் கம்பிதான் அதிகம் சுமக்கும், அதைத்தான் கனமாகப் போட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தூரம் அதிகம், ஆகவே பாரமும் அதிகம் என்ற எண்ணம். நடப்பது நேர்மாறு. தளத்தின் நடுப்புள்ளியில் குறுக்குப் பட்டையும் நெடுக்குப் பட்டையும் சேர்ந்தேதான் தொய்ய முடியும். ஒரே அளவு தொய்வதற்குக் குட்டையான பட்டை மிக அதிகமான பாரத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. பங்கீடு நீளங்களின் விகிதத்தின் நான்காம் அடுக்கில் போகிறது. பன்னிரண்டுக்குப் பதினைந்து அறையில் குட்டைத் திசை, நெட்டைத் திசையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமக்கிறது. நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கானால் பங்கு பதினாறுக்கு ஒன்று. அதற்கு மேல் நீண்ட தளத்தை, ஒரே திசையில் சுமக்கும் தளமாகவே இந்தியத் தரநூலான ஐ.எஸ். 456 கணக்கில் கொள்ளச் சொல்கிறது. பாரம் கிட்டத்தில் இருக்கும் சுவரைத் தேடி ஓடுகிறது. ஆகவே குட்டைத் திசைக் கம்பிக்குத்தான் ஆக அடியிலான இடம். நெட்டைத் திசைக் கம்பி அதன் முதுகில் ஏறிப் படுக்கும். அடுக்கை மாற்றினால் அதிகம் சுமக்கும் கம்பிக்கு ஒரு கம்பியின் தடிமன் அளவு உயரம் குறைந்துபோகும்.

மூலைகளுக்கு வேறு குணம். நான்கு சுவர்களின் மேல் வெறுமனே வைத்த தளம் நடுவில் தொய்யும்போது அதன் நான்கு மூலைகளும் எழப் பார்க்கின்றன. மேலே சுவரோ பாரமோ அழுத்திப் பிடித்திருந்தால் எழ முடியாமல் முறுக்குப் படுகின்றன. அதற்காக மூலைகளில் மேலும் கீழும் சிறு வலை கட்டச் சொல்கிறது தரநூல். குட்டைப் பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரம், நடுவில் போட்ட கம்பியில் முக்கால் பங்கு. சின்ன வீடுகளில் அதிகம் விட்டுப்போவது இந்த மூலைவலைதான். நடுவைப் பற்றிக் கவலைப்படும் நாம் மூலைகளை நினைப்பதில்லை.

*

கம்பிக்கு இரண்டு எஜமானர்கள். வலு கேட்பவர், முகத்தை ஒட்டி வெளியே போ என்கிறார். ஆயுள் கேட்பவர், உள்ளே ஒதுங்கு என்கிறார். சிமெண்டின் காரத்தன்மை இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பு இன்னும் விரைவாக வேலை செய்கிறது. காப்பு போனபின் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த இடத்துக்காகக் கான்கிரீட்டை உடைத்துக் கீழே தள்ளும். சென்னை போன்ற கடலோர நகரங்களின் பழைய அடுக்குமாடிகளில் அடிமுகக் காரை பெயர்ந்து, பழுப்புக் கம்பி வரிவரியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அங்கே கம்பி குறைவாக இருந்திருக்காது. மூடாக்கு குறைவாக இருந்திருக்கும்.

மிதமான சூழலுக்கு 20 மி.மீ. மூடாக்கு, கம்பி 12 மி.மீ.க்கு மேல் போகாவிட்டால் 15 மி.மீ. என்று தரநூல் சொல்வது இந்த இரண்டு எஜமானர்களுக்கும் நடுவே செய்த சமரசம். அதைக் காப்பது கவர் பிளாக் என்ற சிறு கட்டை. ஒரு காலத்தில் கையில் கிடைத்த ஜல்லித் துண்டையோ ஓட்டுச் சில்லையோ கம்பிக்கு அடியில் சொருகினார்கள். அது நழுவினால் கம்பி சென்ட்ரிங் தகட்டிலேயே படுத்துவிடும். பத்து ஆண்டுகளுக்கோ இருபது ஆண்டுகளுக்கோ பிறகு அது துருவாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். கட்டியவரும் கட்டச் சொன்னவரும் அப்போது அங்கே இருக்க மாட்டார்கள்.

*

தளம் போடும் நாள் வீட்டுக்காரருக்குத் திருநாள். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கலவை இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. மதியம் எல்லோருக்கும் பிரியாணி. பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற பரபரப்பு. முதல் நாள் மாலை கம்பி கட்டுபவர்கள் கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கியபோது, ஒவ்வொரு கம்பியும் அதன் இடத்தில் இருந்தது. இனி அதன் மேல் முப்பது பேர் நடக்கப்போகிறார்கள்.

கலவைப் பாண்டைத் தலையில் ஏந்திவரும் சித்தாள் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்க்க முடியாது. பார்த்தாலும் கம்பியைத் தவிர கால் வைக்க வேறு இடம் இல்லை. அடிக்கம்பி மிதிபட்டால் கவர் பிளாக் தாங்கிக்கொள்ளும். மேலே தனியாக நிற்கும் கிராங்கும், சுவர்களின் மேல் போட்ட எக்ஸ்ட்ரா கம்பியும், பால்கனியின் மேல்கம்பியும்தான் காலுக்கு முதல் பலி. பம்ப் வைத்துக் கலவை இறக்கும் இடங்களில் சித்தாள் இல்லை. ஆனால் குழாயை இழுத்துத் திருப்புகிறவர்கள் அதே கம்பியின் மேல்தான் நிற்கிறார்கள். ஒரே இடத்தில் கொட்டிய கலவைக் குவியலும் தன் எடையால் கம்பியை அமுக்குகிறது. ஈரக் கலவை மூடியதும் எல்லாம் மட்டமாக, அழகாக, சாம்பல் நிறமாகிவிடுகிறது. மேல்கம்பி எங்கே நின்றது, எங்கே படுத்தது என்று அதன்பின் யாரும் சொல்ல முடியாது. 200 மி.மீ.க்குள் அடங்கும் ஆழத்தில் கம்பியின் இடம் 10 மி.மீ.க்கு மேல் தவறக் கூடாது என்பது தரநூல் தரும் சலுகை. ஒரு செருப்புக்கால் மிதிக்கு அந்தச் சலுகை போதாது.

மிதித்தவரைக் குற்றம் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பெண் நடக்கப் பலகை போட்டுப் பாதை செய்து கொடுத்திருக்க வேண்டியவர் யார்? மேல்கம்பியை நிறுத்தப் போதுமான எண்ணிக்கையில் 'சேர்' வைக்கச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? வளைத்த கம்பித் துண்டுகளான அந்தச் சேர்கள் பெரும்பாலும் வெட்டி மிஞ்சிய கம்பியிலேயே செய்யப்படுகின்றன. மொத்தச் செலவில் அவற்றுக்குக் கணக்கே இல்லை. கம்பி வரைபடம் ஆங்கிலத்தில் வருகிறது. மேற்பார்வையாளர் அதைத் தமிழில் விளக்குகிறார். இன்று பல இடங்களில் கம்பி கட்டுபவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். அவருக்கு அது அரைகுறை இந்தியில் போய்ச் சேர்கிறது. எத்தனை கம்பி, என்ன இடைவெளி என்பவை எண்கள், எந்த மொழியிலும் தப்பாமல் போகும். இது ஏன் மேலே நிற்க வேண்டும் என்ற காரணம் மட்டும் வழியிலேயே தங்கிவிடுகிறது. காரணம் தெரியாத கைக்கு, மிதிபட்ட கம்பியைத் திரும்பத் தூக்கி நிறுத்தத் தோன்றாது.

*

கம்பியின் இடம், முட்டுப் பிரிக்கும் முறையையும் தீர்மானிக்கிறது. இது பலருக்குப் புதிதாக இருக்கலாம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகள் ஏழு நாள், அதற்கு மேல் பதினான்கு நாள் நிற்க வேண்டும் என்பது சாதாரண சிமெண்டுக்கான குறைந்த கணக்கு. நாள் மட்டும் போதாது, வரிசையும் வேண்டும். அறைத் தளத்தில் நடுவிலிருந்து சுவர்களை நோக்கிப் பிரிக்க வேண்டும். பால்கனியில் வெளிநுனியிலிருந்து சுவரை நோக்கி. அப்போதுதான் எந்தத் திசையில் வளையும் என்று எண்ணிக் கம்பி வைத்தோமோ அந்தத் திசையிலேயே தளம் மெல்ல வளையும். ஓரங்களை முதலில் பிரித்துவிட்டு நடுமுட்டை மட்டும் விட்டுவைத்தால், அந்த முட்டின் தலையில் தளம் முதுகு வளைக்கும். அங்கே மேல்முகத்தில் கம்பி கிடையாது.

1973 மார்ச் 2ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பெய்லீஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில், கட்டி எழும்பிக்கொண்டிருந்த ஸ்கைலைன் பிளாசா அடுக்குமாடியில் 23ஆம் தளத்தைத் தாங்கிய முட்டுகள், கான்கிரீட் முற்றுவதற்கு முன்பே எடுக்கப்பட்டன. தளத்தைத் தூண்கள் துளைத்துக்கொண்டு போயின. மேலிருந்து அடிவரை மாடிமாடியாகச் சரிந்தது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். உத்திரம் இல்லாமல் தூண்களின் தலையில் நேராக அமரும் தளத்தில் தூணைச் சுற்றிய சிறு வட்டம்தான் எல்லாம். 1995 ஜூன் 29 அன்று சியோலில் 502 பேரைக் கொன்று விழுந்த சாம்பூங் அங்காடியும் இதே வகைத் தளங்களால் ஆனது. ஒடுக்கிய தூண்கள், பிறகு ஏற்றிய கூடுதல் பாரம், மாற்றிய பயன்பாடு என்ற காரணங்களின் நீண்ட பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. தூண் தலைகளின் மேல் கம்பி, வரைபடம் சொன்ன உயரத்துக்குக் கீழே கிடந்தது.

பிற்காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியும் இதே தவறில் விழலாம். அறைத்தளம் தொய்வதாகத் தோன்றினால் நடுவில் ஒரு தூண் கொடுத்துவிடுவோம் என்று அண்ணன் தம்பிகள் கூடி முடிவெடுப்பார்கள். அடியில் தூண் வந்தால் பலம்தானே என்பது எண்ணம். தூண் இறுகித் தாங்கத் தொடங்கிய பின் தளத்தின் மேல் வரும் பாரத்துக்கெல்லாம் அந்த இடம் புதிய நடுச்சுவராகிவிடுகிறது. இழுவை மேலே ஏறுகிறது. அங்கே அதைப் பிடிக்க எதுவும் இல்லாததால் மேல்முகம் விரிசல் விடுகிறது. முன்பு எழுதிவைத்த வளைவை, கேட்காமல் திருத்தியதன் விளைவு அது.

*

அளவே பொருட்டில்லை என்று சொல்ல வரவில்லை. பென்சில்வேனியாவில் அருவியின் மேல் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களில் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டின் நீட்டு மாடங்களுக்கு அவர் வைத்த கம்பி போதாது என்று, வீட்டுக்காரர் தரப்புப் பொறியாளர்கள் கூடுதலாகப் போட்டார்கள். ரைட் கடுங்கோபம் கொண்டார். அந்தக் கூடுதலும் போதவில்லை. மாடம் ஏழு அங்குலம் வரை தொங்கிப்போய், 2002இல் இழுகம்பி வடங்களை வைத்து இறுக்கிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குறைவு கொல்லும். மிகையிலும் ஆபத்து உண்டு. உத்திரத்தில் கம்பி அளவுக்கு மீறினால் கலவை இடுக்குகளில் இறங்காமல் பொந்து விடும். கம்பி நெகிழ்ந்து விரிசல் காட்டி எச்சரிப்பதற்கு முன்பே கான்கிரீட் நொறுங்கிவிடும். ஆகவேதான் தரநூல் கம்பிக்குக் கீழ் எல்லையோடு மேல் எல்லையையும் வைத்திருக்கிறது. எடை ஒரு நிபந்தனை, அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை.

நம்மிடம் முன்பிருந்த மெட்ராஸ் டெரஸ் தளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. கூடத்தில் படுத்து அண்ணாந்து பார்த்தால் எது சுமக்கிறது என்பது தெரியும். சட்டம் உளுத்தால் அதுவும் தெரியும். கம்பிக் கான்கிரீட் தளம் அந்தச் சாட்சியத்தைப் பறித்துக்கொண்டது. அடியில் பூசி, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டிய பின் நல்ல தளமும் கெட்ட தளமும் ஒரே முகம்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாகக் கையாண்ட நிரப்புத் தளம் அந்தச் சாட்சியத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்தது என்று எனக்குத் தோன்றும். தொய்கிற பகுதியில் அடிப்பாதிக் கான்கிரீட் இழுவைக்கு உதவாது. கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. ஆகவே கம்பிகளுக்கு நடுவில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து அந்த இடத்தை நிரப்பலாம். கான்கிரீட்டும் எடையும் மிச்சம். நடுச்சுவர்களின் மேல் தளம் முதுகு வளைக்கும் பட்டையில் ஓடு வைப்பதில்லை, ஏனென்றால் அங்கே நசுக்கல் அடியில், கான்கிரீட் வேண்டும். பூசாமல் விட்ட அந்தக் கூரையின் அடியில், ஓடுகளுக்கு இடையே கம்பி ஓடும் வரிகள் கட்டம் கட்டமாகத் தெரியும். எங்கே என்ற கேள்விக்கு விடை, அண்ணாந்தால் படிக்கக் கிடைக்கும். சிக்கனத்துக்காகச் செய்ததுதான். ஆனால் இடத்தைப் புரிந்துகொண்டவரால் மட்டுமே செய்ய முடிகிற சிக்கனம்.

மற்ற இடங்களில் அந்தப் புரிதலுக்கு நாம் என்ன மதிப்பு வைத்திருக்கிறோம் என்பதற்குக் கூலிப் பேச்சே சான்று. கம்பி கட்டும் வேலை பெரும்பாலும் டன் கணக்கில் பேசப்படுகிறது, சில ஊர்களில் சதுர அடிக் கணக்கில். இந்த ஏற்பாட்டில் சீக்கிரம் கட்டுகிறவர் அதிகம் சம்பாதிப்பார். சேர்களை நெருக்கமாக வைத்து, டேப்பைப் பிடித்து உயரம் பார்த்து, மிதிபட்டதை நிமிர்த்திக்கொண்டிருப்பவருக்குப் பொழுதுதான் போகும். தளம் போடும் அன்று அவர் வேலை முடிந்துவிட்டதாகக் கருதி வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். கம்பி இடம் மாறுவதோ அன்றுதான். நடைப்பலகை, போதுமான சேர், கலவை விழுந்து முடியும்வரை மேல்கம்பியை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு கம்பி கட்டுபவருக்கு ஒரு நாள் சம்பளம் என்ற மூன்று வரிகளும் எந்த எஸ்டிமேட்டில் இருக்கின்றனவோ, அந்த எஸ்டிமேட்டைப் போட்டவருக்குத் தளம் என்றால் என்ன என்று தெரியும். அந்த மூன்று வரிகளும் இல்லாத எஸ்டிமேட்டில் நாம் விலைக்கு வாங்குவது எடையைத்தான். எடை ஒருபோதும் ஏமாற்றாது, டன் கணக்கில் சரியாகவே வந்து சேரும்.